மேகம் போடாத படங்கள்

மன்னார்த் தீவில் கடைசிப் பத்து வருஷத்துக்குள் கலியாணம் கட்டிய பெண்களில் பாதிப்பேரின் அல்பம் பிறின்சியின் கை பட்டதுதான். கறுத்த மாப்பிள்ளையை மாநிறமாக்குவாள். மாப்பிள்ளையின் தாய்க்குப் பத்து வயதைக் குறைத்துவிடுவாள். கோவித்துக்கொண்டு கலியாணத்துக்கு வராமல் விட்ட சித்தப்பாவைக்கூடக் கொம்பியூட்டரில் வெட்டிக் கொண்டுவந்து குடும்பப் படத்தில் ஓரமாக நிறுத்தியிருக்கிறாள். "அந்தாள் வந்து நிண்டமாதிரியே கிடக்கு!" என்று சனம் மெச்சும். சனம் மெச்சினால் பிறின்சிக்குச் சோறு தண்ணி தேவையில்லை.

ஆள் தலைமன்னார்க்காரி. சண்டைக் காலத்தில் சின்னப்பிள்ளையாக வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், முகாமில் வளர்ந்து, திரும்பி வந்தவள். முகாமில் பதிவுக்குப் படம் பிடிக்க வந்த மனிசன், "சிரிக்காதே, நேரே பார்" என்று அதட்டியே எடுத்தானாம். அந்தப் படத்தில் தான் களவெடுத்துப் பிடிபட்டவள்போல நிற்பதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதனாலோ என்னவோ, கமராவைக் கையில் எடுத்த நாள் முதல் அவள் எவரையும் அதட்டினதில்லை. பெண்பிள்ளை படமெடுக்கிறாள் என்றால் மணப்பெண்ணின் தாய்மாருக்கும் ஒரு நிம்மதி. இப்படியாக மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோ, ஐஸ் லொறி ஓடுகிற புருஷன் மில்ரன், ஊரில் நல்ல பெயர் எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. பிறகுதான் அந்தக் கோதாரி போன் வந்து சேர்ந்தது.

போன் எல்லாரிடமும்தான் இருக்கிறது, ஓம். ஆனால் பிறின்சிக்கு அது கையில் முளைத்த ஆறாவது விரல். ஸ்ரூடியோவுக்கென்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தாள். கலியாணப் படம் போட்டாள், லைக் வந்தது. மாதா கோயிலில் பிள்ளைகள் எடுக்கிற முதல் நன்மைப் படம் போட்டாள், இன்னும் வந்தது. எல்லாவற்றையும் விட அதிகம் வந்தது மரண அறிவித்தலுக்கு. எங்கள் ஆட்களில் வீட்டுக்குப் பாதிப்பேர் வெளிநாட்டில் அல்லவா? இங்கே ஒருவர் கண்ணை மூடினால், கோயிலில் துக்க மணி அடித்து ஓய முதல் பாரிசிலும் ரொறன்ரோவிலும் படம் போய்ச் சேரவேண்டும். அங்கே ஒருவர் போனால் இங்கே வந்து சேரவேண்டும். நீல வானம், வெள்ளை மேகம், ஓரத்தில் ஒரு மெழுகுதிரி, நடுவில் ஆளின் முகம், கீழே பெயர். இப்படிப் போடுகிற பக்கங்கள் மன்னாரில் நாலைந்து உண்டு. எது முந்துகிறதோ அதைத்தான் சனம் பகிரும். சாவில் முந்துவதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். இருந்தது. பிறின்சி நெடுகலும் முந்தினாள்.

அன்றைக்குக் காலை அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாரிசிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுதியிருந்தாள். பேசாலையில் பிறந்து வளர்ந்த தன் அப்பா பெனடிக்ற் அங்கே ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். ஊரில் இருக்கிற சித்தப்பா சிங்கராசா வீட்டில் ஒருவரும் போன் எடுக்கிறார்கள் இல்லை. சனத்துக்கு அறிவித்துவிடுங்கோ என்று கேட்டிருந்தாள். கூடவே ஒரு படம். அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்கிற படம். "இடப்பக்கம் நிக்கிறவர் அப்பா" என்று கீழே குறிப்பு.

நிற்கிறவரின் இடப்பக்கமா, பார்க்கிறவரின் இடப்பக்கமா? பிறின்சி கேட்கவில்லை. கேட்டுப் பதில் வருவதற்குள் மற்றப் பக்கக்காரன் முந்திவிடுவான். ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் போன். ஒரு முகத்தை வெட்டினாள், வெளுப்பாக்கினாள், மேகத்தைப் போட்டாள், மெழுகுதிரியை வைத்தாள், பெனடிக்ற் என்று பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். குழம்பு இறக்க முதலே சனம் பகிரத் தொடங்கிவிட்டது.

அவள் மேகத்துக்குள் வைத்தது தம்பி சிங்கராசாவின் முகம்.

அந்த மனிசனை அவளுக்குத் தெரியாதென்றால், சரி, மனிசர் பிழை விடுகிறதுதான், போகட்டும் என்று விடலாம். முந்தின வருஷம் சிங்கராசாவின் மகள் கலியாணத்தை விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபடும்வரை படம் பிடித்தவள் இவளேதான். பெனடிக்ற்றும் அந்தக் கலியாணத்துக்கென்றே பாரிசிலிருந்து வந்து நின்றார். இரண்டு முகத்தையும் ஒரு நாள் முழுக்கக் கமராவுக்குள்ளால் பார்த்தவள். பார்த்தாளோ? அதை அவளைத்தான் கேட்கவேண்டும்.

சிங்கராசா அன்றைக்குக் கடலில். காற்றும் கொஞ்சம் கூடத்தான். மனைவி அன்ரோனெற் காலைப்பூசை முடிந்து கோயிலால் வெளியே வர, சனம் போனைக் காட்டி அவளைக் கட்டிப்பிடித்து அலறியது. கீழே இருந்த பெயரை ஆர் வாசித்தார்கள்? மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பாதி ஊர் கரைக்கு ஓடிவிட்டது. அங்கே நின்று தலையில் அடித்துக் கத்துகிற நேரம் பார்த்து, கடவுளே, அந்த மனிசன் தன்பாட்டில் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறார்.

"ஆரப்பா? ஆர் மோசம் போனது?" என்று இறங்க முதலே கேட்டாராம்.

ஒருத்தி மயங்கி விழுந்தாள். மற்றவர்கள் முழங்கால் தண்ணிக்குள் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார்கள். "நீங்கள்தான் அண்ணை செத்தனீங்கள்!" என்று ஒருவன் சொல்ல, அழுத சனம் அத்தனையும் சிரிக்கத் தொடங்கியது. சிங்கராசாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை வாங்கித் தன் முகத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், இன்னும் பலமாகச் சிரித்தார். அதன் பிறகுதான் கீழே இருந்த பெயரை வாசித்தார்.

பிறின்சி அழித்தாள், திருத்தினாள், மன்னிப்பு எழுதினாள். அதற்குள் பிழைப் படம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. "உயிர்த்த சிங்கராசா" என்று எவனோ வேலையில்லாதவன் பாட்டுப் போட்டு வீடியோவும் செய்துவிட்டான். பின்னேரம் அன்ரோனெற் போன் எடுத்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பிள்ளை, நீ இவரைச் சாக்காட்டினது பெரிசில்லை. ஆள் வந்து சேந்திட்டார், மாதாவுக்கு நன்றி. ஆனா அண்ணன் செத்த செய்திக்குத் தம்பியைச் சிரிக்க வச்சிட்டாய். அதை எப்பிடி அழிப்பாய், சொல்லு?"

பதிலுக்கு நிற்காமல் அன்ரோனெற் போனை வைத்துவிட்டாள்.

அன்றைக்கே பிறின்சி பக்கத்தை மூடினாள். கதைக்கிறதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போனிலிருந்து அழித்தாள். வெட்கம்தான், வேறென்ன. பேசாலைக்குப் போய் அந்தக் குடும்பத்துக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பாள். நினைத்த உடனேயே கால் பின்வாங்கும். மில்ரன் பேசாலைக்கு ஐஸ் ஏற்றிப் போகிறவன் அல்லவா, வந்து கதை சொல்லுவான்.

"அந்தாள் இன்னும் அழேல்லையாம் பிறின்சி. அண்ணன்ர கதை எடுத்தா ஏதும் பகிடி விட்டிட்டு எழும்பிப் போறாராம். முப்பத்தோராம் நாளுக்கு வந்த சனமும் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சாப்பிட்டிட்டுப் போனதாம். அந்த மனிசி சொல்லிக் கவலைப்படுது."

"எனக்கு ஏன் இப்ப உதைச் சொல்லுறியள்?"

"வந்து இறங்கினவுடன நீதானே கேக்கிறாய்!"

அவள் கேட்கத்தான் செய்தாள். ஒரு மனிசனின் அழுகை தன்னால் தொண்டையில் நின்றுபோயிற்று என்ற நினைப்பு அவளை விடவில்லை. பக்கத்தைத் திறந்து ஆயிரம் மன்னிப்பு எழுதினாலும் அது இறங்கப்போவதில்லை.

போனை நோண்டாத முதல் கிழமை விசர்தான் பிடித்தது. பெருவிரல் தன்பாட்டில் மேலும் கீழும் அசையும். சாப்பிடும்போது கை சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போய்த் தடவும். எங்கேயோ ஆரோ தன்னைப் பற்றி எழுதுகிறார்கள் என்று காது குறுகுறுக்கும். பிறகு மெல்ல மெல்ல ஒரு புதினம் பிடிபட்டது. நாளுக்குள் பின்னேரம் என்று ஒன்று இருக்கிறது! அது நீளமானதும்கூட. கோழி மண் குளிக்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். பார்த்துவிட்டு ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. படுத்தால் நித்திரை வருகிறது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இத்தனை வெட்கத்துக்கு நடுவில் இப்படியொரு நிம்மதி வரலாமோ என்று அதற்கும் சேர்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

அந்த நாட்களில்தான் நுஸ்ரியா ஸ்ரூடியோவுக்கு வந்தாள். சிலாவத்துறைக்காரி; பட்டினத்தில் ஒரு சின்ன வாசிகசாலையில் வேலை. அடையாள அட்டைக்குப் படமெடுக்க வந்து, படம் வடிவாய் வந்ததில் சிநேகிதியானவள்.

"என்னங்க பிறின்சி, மெசேஜ் போட்டா பதில் இல்ல, ஆள் இருக்கிறீங்களா இல்லையாண்டும் தெரியல்ல. அதான் நடந்தே வந்தன். கொழும்புல ஏதோ படக் கண்காட்சி முடிஞ்சு எங்களுக்கு ஒரு பெட்டி புத்தகம் அனுப்பியிருக்காங்க. எல்லாம் படம்தான். எழுத்துத் தேடினாலும் இல்ல. எந்த அலுமாரியில வைக்கிறதெண்டு விளங்கல்ல. நீங்க படக்காரிதானே, வந்து பாத்துச் சொல்லுங்க."

போனில் கேட்டிருந்தால் நேரமில்லை என்றிருப்பாள். இப்போது நேரம்தான் கையில் நிறைய இருந்தது. போனாள்.

முதல் புத்தகத்தைத் திறந்ததும் சிரிப்பு வந்தது. பிளாஸ்ரிக் கதிரை! பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு ஊர்களில் பிளாஸ்ரிக் கதிரைகள். கால் உடைந்து கம்பி கட்டினது ஒன்று, மழையில் நனைகிறது ஒன்று, ஒருவரும் இல்லாத வாசலில் தனியே கிடக்கிறது ஒன்று.

"இதையுமோ அச்சடிச்சு விக்கிறாங்கள்? எங்கட வீட்டில ஆறு கிடக்கு!" என்றாள்.

"வெறும் கதிரைப் புத்தகம் வந்திருக்கெண்டு நானும் சொன்னன், எங்கட மேனேஜர் ஐயா நம்பல்ல," என்று நுஸ்ரியாவும் சிரித்தாள்.

ஆனால் புத்தகத்தை முடித்து எழும்பியபோது, அவ்வளவு நேரமும் தான் இருந்த கதிரையைப் பிறின்சி ஒருக்காத் திரும்பிப் பார்த்தாள். அதன் கையில் ஆரோ பேனையால் கீறியிருந்தார்கள். இருக்கும்போது கண்ணில் படவில்லை.

இரண்டாவது புத்தகம்தான் ஆளைப் பிடித்து இருத்தியது. ஏதோ குளிர் நாட்டுப் பெண் ஒருத்தி தன் மாமியார் வீட்டையே படம் பிடித்திருந்தாள். பழங்காலத்துப் படமில்லை, அதில் இருக்கிறவர்களின் கையிலும் போன் இருந்தது, மேசையில் சார்ஜர் வயர் கிடந்தது. மாமியார் வாய் நிறையப் பற்பசை நுரையோடு நிற்கிறாள். மாமன் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். இருவர் சண்டைபிடித்த முகத்தோடு ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்து கிழங்கு உரிக்கிறார்கள். ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. ஒருவரின் சுருக்கமும் அழிபடவில்லை. ஒரு பக்கத்தில் படம், எதிர்ப்பக்கம் வெறும் வெள்ளை. முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தாள். கொஞ்சப் பக்கம் போனபிறகு விளங்கியது, அந்த வெள்ளை ஆளை நிற்கச் சொல்கிறது. அடுத்ததுக்கு ஓடாதே, இவளைப் பார்த்துவிட்டுப் போ என்கிறது. ஆயிரம் முகத்தை ஒரு நாளில் தள்ளிவிட்டுப் பழகிய பெருவிரலுக்கு அங்கே வேலையே இல்லை.

வாசிகசாலை பூட்டும்வரை அந்த வீட்டிலேயே இருந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். வெளியே வந்து றோட்டில் நடக்கும்போது அந்த மாமியாரின் மூக்கில் எந்தப் பக்கம் மச்சம் என்று கேட்டால் உடனே சொல்லியிருப்பாள். பெயரும் தெரியாத, நாடும் தெரியாத மனிசி! சிங்கராசாவின் மூக்கு எப்படியிருக்கும் என்று யோசித்தாள். வரவில்லை. எத்தனை யோசித்தும் வரவில்லை. அந்த இடத்திலேயே நின்று அழுதாள். வேலியோரம் நின்ற கழுதைதான் பார்த்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் வாசிகசாலைதான். பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் பார்த்தாள். சில புத்தகங்கள் அவளுக்குப் பிடிக்கவேயில்லை. இருட்டில் அசைத்து எடுத்த படங்களை, "எனக்கு ஆரும் இப்பிடி எடுத்துத் தந்தா அடிச்சிருப்பன்" என்றாள். சிலவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தாள். அலுமாரிக் கேள்விக்கும் ஒரு நாள் பதில் சொன்னாள். "கதைப் புத்தகங்களோட வையுங்கோ நுஸ்ரியா. எழுத்தில்லையே ஒழிய இதுகள் கதைதான்." நுஸ்ரியா அப்படியே வைத்துவிட்டாள்.

பிறகொரு நாள் ஸ்ரூடியோவில் இருந்து அந்தக் கலியாணத்துப் படங்களைத் திறந்தாள். அல்பத்துக்கு எடுத்தவற்றை விட்டுவிட்டு, கழித்துவிட்டவற்றை மட்டும் பார்த்தாள். வெளிச்சம் சரியோ என்று பார்க்கச் சும்மா அமத்தினவை, ஆட்கள் கமராவை மறந்திருந்த நேரத்தில் விழுந்தவை. அவற்றுக்குள் அண்ணனும் தம்பியும் நிறைய இருந்தார்கள். ஒவ்வொன்றிலும் நின்று நின்று பார்த்தாள். சிங்கராசாவின் புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. பெனடிக்ற்றுக்கு அது இல்லை. பெனடிக்ற் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவார். அடப் பாவமே, எவ்வளவு லேசாகப் பிரித்து அறியக்கூடிய இரண்டு முகங்கள்!

எதையும் வெட்டவில்லை, வெளுப்பாக்கவில்லை, மேகம் போடவில்லை. பக்கத்துக்கு ஒரு படம், எதிரே வெள்ளை. கலியாண அல்பம் அடிக்கிற யாழ்ப்பாணத்து லாப்புக்கு அனுப்பினாள். அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா, ஏதும் பிழைச்சுப்போச்சோ? ஒண்டுவிட்டொரு பக்கம் வெறுமையாக் கிடக்கு. பேரில்லை, திகதியில்லை. ஒரு ரோசாப்பூவாவது போடட்டே?"

"ஒண்டும் வேண்டாம் தம்பி. அப்பிடியே அடியுங்கோ."

"அடிக்கிறன். பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது, சொல்லிப்போட்டன்."

புத்தகம் வந்ததும் மில்ரன் கையைக் கழுவிவிட்டு வந்து புரட்டினான். கடைசிப் பக்கம்வரை பார்த்தான். பிறகு, "உதை மட்டும் பேஸ்புக்கில போட்டியெண்டா..." என்று தொடங்கினான்.

"போடமாட்டன். அந்த வீட்டாக்களுக்குத்தான் இது. வேற ஒருத்தருக்கும் இல்லை."

"அப்ப எப்ப போறாய்?"

அதுதானே! போகிறேன், போகிறேன் என்று நாளைக் கடத்தினாள். கடைசியில், பெனடிக்ற்றின் ஓராண்டு நினைவுப் பூசைக்கு முதல் நாள் பின்னேரம், மில்ரன் அவளை ஐஸ் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பேசாலையில் அந்த வீட்டுப் படலை வாசலில் இறக்கினான். இறக்கியவுடன் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், கெட்டிக்காரன். நின்றிருந்தால் அவள் திரும்பி ஏறியிருப்பாள்.

அன்ரோனெற் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னத்துக்கு வந்தனீ? இந்தமுறை ஆரைச் சாக்காட்டப் போறாய்?"

"மன்னிப்புக் கேக்க வந்தனான் அக்கா. அண்டைக்கே வந்திருக்கவேணும். பயத்தில வரேல்லை."

"இண்டைக்குப் பயமில்லையோ?"

"இண்டைக்கும் பயம்தான்."

அன்ரோனெற் விளக்குமாற்றைச் சுவரோடு சாத்தினாள். உள்ளேயிருந்து சிங்கராசாவின் குரல் கேட்டது. "ஆரப்பா, என்னைச் சாக்காட்டின பிள்ளையோ? வரச்சொல்லு, வரச்சொல்லு! செத்தவனைப் பாக்க வந்தாக்களைத் துரத்தாதை!"

அந்தப் பகிடிக்கு அன்ரோனெற்றின் முகம் சுருங்கியதைப் பிறின்சி பார்த்தாள். உள்ளே போனாள். சிங்கராசாவின் முன்னால் புத்தகத்தை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

"உங்கட அண்ணன்ர படங்கள். மகளின்ர கலியாணத்தண்டு எடுத்தது. நான் ஒண்டையும் திருத்தேல்லை."

சிங்கராசா புரட்டினார். முதல் படத்தில் பெனடிக்ற் சாரம் கட்டிக்கொண்டு நின்று தம்பியின் சேட்டு ஒன்றை அயன் பண்ணுகிறார். "பார், புதுச் சேட்டை எரிக்க நிக்கிறான்!" என்று சிரித்தார். அடுத்ததில் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் முட்டிமோதி நின்று தலைக்கு மை பூசுகிறார்கள். "ரெண்டு கிழடும் மாப்பிள்ளையாகப் போகுதுகள்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த பக்கத்துக்கு வந்தார். சனமெல்லாம் போனபிறகு குசினி வாசலில் இருந்து இருவரும் சாப்பிடுகிற படம் அது. தம்பி முள்ளை எடுத்துவிட்டு மீனை மட்டும் அண்ணனின் கோப்பையில் வைக்கிறார். அண்ணன் சின்னப்பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

சிங்கராசா எதிர்ப்பக்கத்து வெள்ளையில் உள்ளங்கையை வைத்தார். அதற்குமேல் புரட்டவில்லை.

"முள்ளு எடுக்க மறந்துபோனான்," என்றார். "அங்க முள்ளில்லாத மீன்தானாம் தின்னுறது. எனக்கு எடுத்துத் தாடா எண்டான். இந்த வயசில என்னட்டக் கேட்டவன்..."

பிறகு வந்தது அழுகை. வீடே அதிர வந்தது. "அண்ணை! நான் சிரிச்சனான் அண்ணை! நீ போன நேரம் நான் கரையில நிண்டு சிரிச்சனான்!" என்று புத்தகத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அந்தப் பெரிய மனிசன் கத்தினார்.

பிறின்சி பதறிப்போய் எழும்பினாள். அன்ரோனெற் அவளின் கையைப் பிடித்து இருத்தினாள்.

"விடு பிள்ளை, அழட்டும். ஒரு வருஷமா உந்த அழுகைக்குத்தான் நான் மடுமாதாவுக்கு நேந்துகொண்டு திரியிறன்."

சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பிடித்த கையை விடவில்லை. பிறின்சிக்கு ஒரு வருஷத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கிப் போனது. அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது, எது முதல் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

சத்தம் கேட்டு அயல் சனம் ஓடிவந்து படலையில் முண்டியடித்தது. "என்ன அன்ரோனெற்? ஆருக்கு என்ன?"

அன்ரோனெற் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்கட பெனடிக்ற் அண்ணர் மோசம் போயிட்டார்."

"அவர் போய் ஒரு வருஷமெல்லோ?"

"ஓம். எங்கட வீட்டுக்கு இண்டைக்குத்தான் செய்தி வந்தது."

ஒருவரும் சிரிக்கவில்லை. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராய் உள்ளே வந்து இருந்தார்கள். பிறின்சி கொஞ்சம் தள்ளி இருந்து அவர்களுக்கு இடம் விட்டாள்.